டர்போவைச் சுற்றிய துணி

பனியன் வேஸ்ட் இல்லையென்றால் எங்கள் ஊர் ஒரு நாள்கூட ஓடாது, ஐயா. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்திருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார், அதனால் சொல்கிறேன். பனியன் வெட்டும்போது மேசைக்குக் கீழே விழுகிற துண்டுத் துணிக்குத்தான் அந்தப் பெயர். இங்கே குழாய் சொட்டினால் அதைக் கட்டுவார்கள். பைப்பில் ஆவி கசிந்தால் அதைச் சுற்றுவார்கள். சைக்கிள் சீட்டு கிழிந்தால் அதுதான் மெத்தை. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்தால் அதுதான் அடைப்பு. வாஷர் என்று ஒரு பொருள் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டினால் கசியாது என்று எடுத்துச் சொன்னால், வேலை வெட்டி இல்லாத ஆள் ஏதோ உளறுகிறான் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர்கள் கட்டிய துணியை அவிழ்த்துப் போடுவதுதான் என் பிழைப்பு.

எழுத்தில் வர வேண்டும் என்பதால் திரும்பச் சொல்கிறேன், பெயர் திருமூர்த்தி. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் மங்கலம். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பொங்கியண்ணன் நடத்துகிற நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். அவருடைய டிரைவர் மூக்கையா போன மாதம் வண்டியோடு எரிந்துபோனது பற்றித்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். எண்ணெய் ஒழுகிய இடத்தில் மூக்கையாவே துணியைக் கட்டினான், அந்தத் துணியில்தான் தீப்பிடித்தது என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். அவன் பெண்சாதி பாண்டியம்மாள் அதை ஒப்புக்கொள்ளாமல் மூன்று நாளாக ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது பார்த்தேன். நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும், அதனால் முடிகிறவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கியண்ணனும் நானும் ஒரே ஊர், ஒரே வயது. எழுபதாம் வருஷம் ஒரே கம்பெனியில், ஒரே மெஷினில் ஹெல்ப்பராகச் சேர்ந்தோம். அவருக்கு வாய் இருந்தது, எனக்குக் காது இருந்தது. மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்து எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். அவர் அதைப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டு வருவார். பதினாறு வருஷம் கழித்துச் சொந்தமாக நான்கு மெஷின் போட்டபோது, வந்து என்னைக் கூப்பிட்டார், போனேன். இப்போது பன்னிரண்டு மெஷின், கூடவே கட்டிங், தையல் எல்லாம். இன்றைக்கும் அவருக்கு மெஷினைப் பற்றித் தெரிந்தது இரண்டே சங்கதிதான். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியும், நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரியும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் உண்டா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வெளிநாட்டுக்காரன் சார்பில் பையிங் ஆபீஸிலிருந்து துணியைப் பரிசோதிக்க ஆள் வருவார்கள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டுவிட்டால், முதலாளி உடனே ஏதாவது நடவடிக்கை எடுத்துக் காட்ட வேண்டும். அதற்காக ஓர் ஆளைக் கூப்பிட்டு, வந்தவர் முன்னால் நிற்க வைத்து, கண்டபடி திட்டி, நாளையிலிருந்து வராதே என்று கேட்டுக்கு வெளியே அனுப்புவார்கள். அவன் போய் எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பான். பையிங் ஆபீஸ் கார் திரும்பிப் போனதும் உள்ளே வந்து விட்ட இடத்தில் வேலையைத் தொடருவான். வந்தவருக்கும் இது தெரியும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவர் தன் ரிப்போர்ட்டில் ‘பொறுப்பானவர் நீக்கப்பட்டார்’ என்று ஒரு வரி எழுத வேண்டும், எழுதிக்கொள்வார்.

எங்கள் கம்பெனியில் அந்த ஆள் எப்போதும் நான்தான். ஆறு வருஷத்தில் ஏழு தடவை என்னை வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். ஏன் நானேதான் என்று ஒரு தடவை கேட்டேன். பொங்கியண்ணன் சிரித்துக்கொண்டே என் தோளில் கை போட்டார்.

“உன்ற மூஞ்சிதான் அதுக்குப் பாங்கா இருக்குதப்பா. வேற எவனை நிக்க வெச்சாலும் அவன் சிரிச்சுப்போடறான்.”

நானும் சிரித்தேன். நாலு பேர் எதிரில் அவரை நான் வாங்க போங்க என்று சொல்லத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இதில் புதிதாக வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஏழாவது தடவை இந்த வருஷம் ஜனவரியில். பையிங் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பழைய ஆள். இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தோடு புதிதாகச் சேர்ந்த பெண். அந்தப் பெண் என் மகள் கோகிலவாணி. அந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததே பொங்கியண்ணன்தான், நல்ல மனுஷன். வெளிர்நீலத் துணியில் நெடுக எண்ணெய்க் கோடு விழுந்திருந்தது. நான் லீவில் இருந்த நாளில், மெஷின் ஊசிகளுக்கு எண்ணெய் தூவுகிற ஆயிலரில் ஒரு கசிவு வந்திருக்கிறது. பொங்கியண்ணனே தன் திருக்கரத்தால் வேஸ்ட்டை எடுத்துக் கட்டியிருக்கிறார். துணி எண்ணெயைக் குடித்துக் குடித்து, இனி குடிக்க முடியாது என்றானதும் கீழே விட்டுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். என் மகள் நிற்கிறாள் என்பதற்காக ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கு வெளியே போய் டீ குடித்தேன்.

அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கோகிலவாணி சொன்னாள்.

“அவரு நடிக்கறாருன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா. நீங்க தலையைக் குனிஞ்சீங்களே, அது நடிப்பில்லீங்களே.”

அதற்கப்புறம் அவள் எங்கள் கம்பெனிக்கு வரவில்லை. வேறு ஏரியா மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதற்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன் என்று சொன்னதால் இதையும் சொன்னேன்.

வண்டி டர்போ வைத்த டீசல் வண்டி. கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். உயரமாக, ஜம்பமாக இருக்கும். முன்னால் இரண்டு கதவு மட்டும்தான். பின்னால் உட்கார வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கி நுழைந்து போக வேண்டும். பின் ஜன்னலெல்லாம் திறக்க முடியாத பெரிய கண்ணாடி. சாமான் ஏற்றுகிற கதவு வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும், அது வண்டி ஓட்டுகிற அதே சாவி. சாம்பிள் பெட்டிகளைக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகத் தோதான வண்டி. முதலில் மூக்கையா ஓட்டுவான், பொங்கியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போவார்.

மார்ச் ஆரம்பத்தில் ஒரு நாள் அருள்புரத்து எக்ஸ்போர்ட்டர் ஒருவர் அவினாசி ரோட்டில் இவரை ஓவர்டேக் செய்துகொண்டு, கையை வேறு ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஐந்நூறு பேருக்கு வேலை கொடுக்கிற மனுஷர்கள் இதற்கெல்லாம் தூக்கம் கெட்டுப் படுத்திருப்பதை நீங்கள் வேறு ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலையில் என் டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார்.

“ஏப்பா மூர்த்தி, இந்த டர்போ டர்போங்கறாங்களே, அதை இன்னுங்கொஞ்சம் கூட்டோணும்னா என்ன பண்ணோணும்?”

நான் விளக்கினேன். எஞ்சின் விடுகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. காற்று அளவுக்கு மேல் போனால் ஒரு சின்னக் கதவு திறந்து புகையை வேறு வழியில் விட்டுவிடும். அந்தக் கதவுக்கு அளவு சொல்வது ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் நடுவில் ஒரு வால்வை வைத்துக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டால் கதவு ஏமாந்துபோகும், தாமதமாகத் திறக்கும், அதுவரை சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும். அவர் எல்லாம் புரிந்த முகத்தோடு கேட்டுவிட்டு, ஊட்டுலயே வெச்சுப் பண்ணிக்கலாமா என்று மட்டும் கேட்டார். வண்டிக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் செய்ய மாட்டார்கள் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்துச் செய்தேன். வால்வை நான் வாங்கவில்லை. பழைய ஆயிலரில் இருந்த பித்தளை ஊசி வால்வைக் கழற்றி, டீசலில் கழுவி, மூன்று வழி இணைப்பு ஒன்றைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்து கொண்டுபோயிருந்தேன். கம்ப்ரஸரில் மாட்டுகிற காற்றழுத்தமானி ஒன்றை டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்தினேன். டீசல் பம்ப்பில் ஒரு திருகு உண்டு, அதை அரைச் சுற்று கூட்டினேன். காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும், அப்போதுதான் பலம் தெரியும். கூடவே சூடும் ஏறும், அது யாருக்கும் தெரியாது. பத்து பவுண்டில் நின்ற முள் பதினாறுக்குப் போயிற்று. இரண்டரை மணி நேர வேலை. பார்த்தால் வண்டிக் கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது.

மூக்கையா பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். அவனும் பாண்டியம்மாளும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அவள் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் தைத்த பீஸை மடித்து அடுக்குகிறாள். இது என்னண்ணே, அது எதுக்கண்ணே என்று ஒவ்வொன்றையும் கேட்டான். நானும் சொன்னேன். இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் குறைவு. கேட்டுவிட்டுப் போய் வேஸ்ட் துணியைத்தான் கட்டப்போகிறான் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது அந்த எண்ணெய்ப் பைப் பற்றி. டர்போவின் சக்கரத்துக்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய பைப்பில் எண்ணெய் வரும். கை நுழைய இடம் இல்லாததால் அந்தப் பைப்பைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். அதன் மூட்டில் செம்பு வாஷர் இருக்கும். ஒரு தடவை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. போட்டால் சொட்டுச் சொட்டாகக் கசியும். புது வாஷர் என் பெட்டியில் இருந்தது. நான் பழையதையே போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கியண்ணனையும் மூக்கையாவையும் நிற்க வைத்து மூன்று தடவை சொன்னேன். எண்ணெய் கசிந்தால் என்னிடம் சொல்ல வேண்டும், அந்த இடம் பழுக்கக் காய்கிற இடம், என்ன ஆனாலும் துணி கட்டக் கூடாது. இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்? சொன்ன பேச்சைக் கேட்டால் ஒன்றும் ஆகாது. கேட்கவில்லையென்றால் வண்டி போகும். வண்டி ஒன்று எரிந்தாலாவது இந்த ஊருக்குப் புத்தி வருமா என்று பார்க்கலாம். அதுதான் என் எண்ணம். ஆள் போவது என் கணக்கிலேயே இல்லை.

வண்டி பறந்தது. அருள்புரத்துக்காரரை இரண்டாம் வாரமே முந்திவிட்டார் என்று கேள்வி. கையும் ஆட்டியிருப்பார். அதிலிருந்து பொங்கியண்ணன் ஸ்டியரிங்கை மூக்கையாவிடம் கொடுப்பதில்லை. தானே ஓட்டுவார். முன் சீட்டில் ஹேங்கரில் மாட்டிய சாம்பிள்களை நீளப் பெட்டியில் போட்டுப் படுக்க வைப்பார்கள், கசங்கக் கூடாது. மூக்கையா பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவை சாயாமல் பிடித்துக்கொண்டு போவான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், நானே மூர்த்தியை வெச்சு டர்போவைக் கூட்டுனேனுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பானரைப் பிடிக்கத் தெரியாதவர் கூட்டினாராம்.

மார்ச் கடைசியில் போர்ட்டிகோ தரையில் எண்ணெய்ச் சொட்டு விழுந்தது. வேலாத்தாள், அவர் சம்சாரம், கோலம் போடுகிற இடமெல்லாம் கறையாகிறது என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். மூக்கையா என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? நான் பானட்டைத் திறந்து பார்த்தபோது பைப்பின் மூட்டில் வெள்ளை வேஸ்ட் துணி மொத்தமாகச் சுற்றி, குழந்தைக்குத் தலையில் கட்டுவதுபோல முடிச்சு போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தடவை சொன்ன பேச்சு மூன்று வாரம் தாங்கவில்லை.

அவனை ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி வைத்துப் பேசினேன். சொன்னது காதில் ஏறாத ஜென்மம் என்றேன். வண்டிச் சாவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஊருக்கு மாடு மேய்க்கப் போ என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கு அது தேவைதான். ஆனால் துணியை நான் அவிழ்க்கவில்லை. கட்டியவன் அவிழ்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இது நடந்து ஒரு வாரம் கழித்துப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி கம்பெனியிலிருந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியது. பொங்கியண்ணன் ஓட்டினார். மூக்கையா பின்னால். வாட்ச்மேன் இல்லாததால் கேட்டை நான்தான் திறந்துவிட்டேன். கருமத்தம்பட்டி தாண்டி முழு வேகத்தில் போகும்போது பானட்டிலிருந்து புகை வந்திருக்கிறது. அவர் ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் தீ டாஷ்போர்டுக்கு அடியில் வந்துவிட்டது. பின்னால் இருந்தது முழுக்கப் பஞ்சுத் துணி. அப்புறம் நடந்ததை அங்கே சாட்சி சொன்ன லாரிக்காரரிடமே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

அதில்தான் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பொங்கியண்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கதவைத் திறந்துகொண்டு குதித்து, ரோட்டைத் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கம் போய்த்தான் திரும்பிப் பார்ப்பார் என்று வைத்திருந்தேன். பின்னால் ஓர் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தவர் என்று ஊர் பேசும். யார் முன்னாலும் நிமிர முடியாது. அப்போது யாரை நிற்க வைத்துத் திட்டிக் கேட்டுக்கு வெளியே அனுப்புவார், பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். அவரோ குதித்தவர் திரும்ப வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டை மடக்க விடாமல் கிடந்த ஹேங்கர் பெட்டியை இழுத்துப் பார்த்து, அது வராமல், ரோட்டோரக் கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்து உள்ளே கையை விட்டிருக்கிறார். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோய்விட்டது. மூக்கையாவின் சட்டைத் துணிதான் கையோடு வந்ததாம். லாரிக்காரர் இவரை இடுப்பில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்காவிட்டால் இவரும் இருந்திருக்க மாட்டார்.

நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை புரிகிறது. ஆள் போவது கணக்கிலேயே இல்லை என்று சொன்னேன், பின்னால் ஓர் ஆள் மாட்டிக்கொள்வான் என்றும் நினைத்து வைத்திருந்ததாகச் சொல்கிறேன். இரண்டையும் நான்தான் சொன்னேன். அந்த வண்டியில் பின்னால் இருப்பவன் உள்ளிருந்து திறக்கக் கதவில்லை என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் பொங்கியண்ணனிடம் வாக்குமூலம் வாங்கியபோது நானும் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். அவருக்கு இரண்டு கையும் கட்டுப்போட்டு மேலே தூக்கி வைத்திருந்தார்கள்.

“மூர்த்தி மேல ஒண்ணுமில்லீங்க. வேகம் வேணும்னு கேட்டது நானுங்க. அவன் அப்பவே சொன்னான், நாந்தான் கேக்குல. எழுதறதுன்னா என்ற பேரை எழுதிக்கோங்க.”

ஏழு தடவை நான் செய்யாத தப்புக்கு என்னை முன்னால் நிறுத்தினார். நிறுத்த வேண்டிய ஒரு தடவை வந்தபோது தான் போய் நின்றுகொண்டார். எதையுமே உரிய நேரத்தில் உருப்படியாகச் செய்யத் தெரியாத மனுஷன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம், கோகிலவாணி விஷயத்தில்கூட வந்ததில்லை.

ஆனால் நீங்கள் அவர் பெயரையும் எழுதவில்லை. செத்தவன் பெயரை எழுதினீர்கள். அது வசதி. அவன் துணி கட்டியதற்கும், நான் அதற்காக அவனைத் திட்டியதற்கும் கம்பெனி முழுக்கச் சாட்சி. பொங்கியண்ணனுக்கும் யாரோ எடுத்துச் சொல்லி, அவரும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். பாண்டியம்மாள் ஒருத்திதான் இல்லை என்கிறாள். தீப்பிடித்ததற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். உங்களிடமும் அதையே சொன்னாளாம், என் முகத்துக்கு நேராகவும் சொன்னாள்.

“அவுத்துப்புட்டேன்னு எங்கிட்டச் சொன்னாருண்ணே. மெக்கானிக்கண்ணன் வாசர் மாத்தித் தந்துட்டாருன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. செத்த மனுசன் மேல பொய்ப் பழியப் போடாதீக.”

அவளுக்கு விஷயம் தெரியாது, புருஷன் மேல் உள்ள பாசத்தில் பேசுகிறாள் என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். அது பொய். அவள் சொன்னது சரி.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வண்டியைக் கம்பெனி வாசலில் நிறுத்திவிட்டு மூக்கையா என்னைக் கூப்பிட்டான். பானட் திறந்திருந்தது. துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, பைப்பை டீசல் போட்டுக் கழுவி, பிரஷ் வைத்துத் தேய்த்து, பளபளவென்று வைத்திருந்தான். மூட்டில் சொட்டு கட்டி நிற்பதை எனக்கு விரலால் தொட்டுக் காட்டினான்.

“நீங்க ஏசுனது சரிதாண்ணே. வீட்டுல போயி ரோசிச்சுப் பாத்தேன். அவுத்துப்புட்டேன். வாசர் மட்டும் மாத்திவிட்டீகன்னா நாளைக்கு நிம்மதியாப் போயிருவோம்.”

சரி, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் டீ குடித்துவிட்டு வா என்றேன். அவன் போனான். புது வாஷர் என் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மாட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும்.

நான் என்ன சொல்லியும் இந்த ஊரில் எவனும் கேட்க மாட்டான் என்பது எனக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்த விஷயம். அதை நம்பித்தான் எல்லாவற்றையும் செய்திருந்தேன். இவன் கேட்டுவிட்டு வந்து நிற்கிறான். இவன் ஒருவன் கேட்டுவிட்டான் என்பதற்காக மற்றவர்களெல்லாம் திருந்திவிட்டதாக ஆகிவிடுமா? பொங்கியண்ணன் மறுநாள் காலையில் அதே வண்டியில் அதே மாதிரி கையை ஆட்டிக்கொண்டு போவார். வாஷரைத் திரும்பப் பைக்குள் போட்டேன். கட்டிங் டேபிளுக்குக் கீழேயிருந்து கனமான வேஸ்ட்டாகப் பார்த்து எடுத்துவந்தேன். மூட்டைச் சுற்றியும் டர்போவின் அடியிலும் சேர்த்து இரண்டு மடிப்பாகச் சுற்றினேன். டர்போவைக் கூட்டுகிற அந்த ஊசி வால்வை இன்னும் ஒரு சுற்று திறந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வேஸ்ட் துணி கட்டியது அந்த ஒரு தடவைதான்.

மூக்கையா திரும்பி வந்தபோது மாத்தியாச்சு போ என்றேன். ரொம்ப நன்றிண்ணே என்று சொல்லிவிட்டு அவனே பானட்டை அடித்துச் சாத்தினான். உள்ளே குனிந்துகூடப் பார்க்கவில்லை, நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான்.

பாண்டியம்மாளை உள்ளே கூப்பிட்டு அவள் புருஷன் மேல் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். எரிந்த வண்டியிலிருந்து எடுத்ததாக அந்த மேசைமேல் ஒரு கம்பி வளையம் வைத்திருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். துணி எரிந்துபோகும், கம்பி போகாது. வண்டி குலுங்குகிற குலுக்கலில் வெறும் துணி முடிச்சு தளர்ந்துவிடும் என்பதால் கட்டுக்கம்பி போட்டேன். மூக்கையா துணியைத் துணியாலேயே கட்டுகிறவன், அவனுக்குக் கம்பி முறுக்கத் தெரியாது. இதில் நான்கு முறுக்கு இருக்கிறது, நான்கும் ஒரே அளவு, கையில் குத்தாமல் இருக்க நுனியை உள்ளே மடக்கியிருக்கிறேன். ஒரு மாதமாகக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, இவ்வளவு சுத்தமான வேலையை மூக்கையா செய்தது என்று எப்படி ஐயா எழுதினீர்கள்?